பூருல் பார்க்காத கடைசிப் பதினைந்து நிமிடம்

பனிமலைகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் நாரின் ஊரில் அந்தப் படத்தின் முடிவு தெரியாத ஒரே ஆள் பூருல்தான். பார்க்கப் பிடிக்காமல் இல்லை. பதினொரு வருஷமாக, டி.வி.யில் அந்தப் படம் போடுகிற டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி வந்தால் அவளும் நானும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில்தான் கிடப்போம். பிள்ளைகுட்டி உள்ளவர்கள் அன்றைக்கு லீவு கேட்பார்கள். பூருலுக்குப் பிள்ளை இல்லை, எனக்குப் புருஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார ஆசை இல்லை. ஆக, பண்டிகை வேலை எங்கள் இருவர் தலையில் எழுதியிருந்தது.

நான் அசில். அவளைவிட மூன்று வயது மூத்தவள், வாய் முப்பது வயது மூத்தது என்று ஊரில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

படத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். புத்தாண்டுக்கு முதல் நாள் ஒரு ரயில் பனியில் சிக்கி நின்றுவிடும். அதில் நீனா என்ற டாக்டர் பெண், தலைநகரில் ஒரு பெரிய உத்தியோகக்காரனைக் கட்டிக்கொள்ளப் போய்க்கொண்டிருப்பாள். எதிர் இருக்கையில் ஒருவன், தொட்டியோடு எலுமிச்சைச் செடியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் பியானோவுக்குச் சுருதி சேர்க்கப் போகிறவன். கையில் காசில்லை, வாயில் மட்டும் பாட்டு. முதலில் சண்டை, பிறகு சிரிப்பு, அதற்கப்புறம் நமக்குத் தெரியாதா! ரயில் கிளம்பி ஸ்டேஷன் விளக்குகள் தெரியும்போது அவன் கேட்டுவிடுவான், "என்னோட வந்துடுறீங்களா?" என்று. பிளாட்பாரத்தில் மாப்பிள்ளை நிற்பான். நீனா படியில் கால் வைப்பாள்.

அந்தக் கால் தரையில் படுவதைப் பூருல் பார்த்ததே இல்லை. சாயங்காலம் நாலேகாலுக்குப் படம் தொடங்கும். எங்கள் மெக்கானிக் சோவெத்பேக் ஓய்வறையில் தன் பழைய டி.வி.யை வைத்து, முள்கரண்டியை ஏரியலாகச் செருகிவிடுவான். ஐந்தரை வரைக்கும் எங்கள் ஸ்விட்ச்போர்டு தூங்கும். பிறகு ஆலையிலிருந்து ஜனங்கள் வீடு சேர்வார்கள், புத்தாண்டு விருந்துக்கு உருளைக்கிழங்கும் பட்டாணியும் மயோனைஸ் விட்டுப் பிசைவார்கள், கையைத் துடைத்துவிட்டு டிரங்க்கால் கேட்பார்கள். அப்போதும் ஓய்வறைக் கதவு வழியாக அவ்வப்போது எட்டிப் பார்க்கலாம், ஆனால் ஆறு மணிக்குத் தலைநகர் ஃபுரூன்சே, ஓஷ், மாஸ்கோ என்று லைனுக்கு ஒன்றாக நூறு விளக்கும் ஒரேயடியாக எரியும். எங்கள் நான்கு கைகளும் போதாது. எல்லாரும் இணைப்பு வரும்வரை படத்தையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நாங்கள்தான் பார்க்க மாட்டோம். நானாவது மூன்றாம் வருஷம் காய்ச்சலில் வீட்டில் படுத்தபோது பார்த்துவிட்டேன். பூருலுக்குக் காய்ச்சலும் வராது.

முடிவைச் சொல்லவும் விடமாட்டாள். "வாயைத் திறந்தீங்க, பிளக்கை உருவிடுவேன்" என்பாள். உருவியும் இருக்கிறாள். ஒருமுறை தபால்காரர் தன் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது "அந்த நீனா கடைசில..." என்று ஆரம்பித்தார், லைன் போய்விட்டது. தபால்காரர் மறுநாள் நேரில் வந்து கத்திவிட்டுப் போனார்.

"ஒரு படத்துக்கு இவ்வளவா?" என்று ஒருநாள் கேட்டேன். தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவள் கிண்ணத்தை வைத்துவிட்டாள்.

"அசில் அக்கா, நீனாவை ஒருத்தன் கேக்கறான். 'வர்றியா?'ன்னு வாயைத் திறந்து கேக்கறான். அவ யோசிக்கறா. அதுக்கப்புறம் அவளே ஒரு காலைத் தூக்கி வைக்கறா. என்னை எவனாச்சும் கேட்டானா? கேட்டா ஒரு பொம்பளை என்ன செய்வான்னு எனக்கு நிஜமாவே தெரியாது. அதை யாரும் எனக்குச் சொல்லக்கூடாது. நானே பாக்கணும்."

அவளுக்குப் பத்தொன்பது வயதில் நடந்தது ஊருக்கே தெரியும். கடைக்குப் போனவளை நாலு பேர் ஜீப்பில் தூக்கிப்போட்டு அத்பாஷி ஊருக்குக் கொண்டுபோய், அழ அழ மணப்பெண்ணின் வெள்ளை முக்காட்டைத் தலையில் போட்டுவிட்டார்கள். அவள் அப்பா அம்மா வந்தார்கள், கல்யாண விருந்து சாப்பிட்டார்கள், அவளை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நான்காம் வருஷம் அந்தப் புருஷன் டிராக்டர் கவிழ்ந்து செத்தான். பூருல் ஒரு பெட்டியோடு நாரினுக்குத் திரும்பி வந்து எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தாள். அதன்பிறகு பதினைந்து வருஷம் ஊரில் எல்லாரையும் எல்லாரோடும் சேர்த்துவைத்தாள், டெலிபோனில்.

எண்பத்தாறாம் வருஷம் டிசம்பரில்தான் கூத்து ஆரம்பித்தது. ஒரே வாரத்தில் இரண்டு பேர் அவளைக் கேட்டார்கள்!

முதல் ஆள் என் பெரியப்பா மகன் கெரிம்பாய். ஃபுரூன்சேயில் சரக்குக் கிடங்குக்குத் தலைவர், மூன்று அறை வீடு, குழாயைத் திருகினால் வெந்நீர். பெண்டாட்டி போய் ஐந்து வருஷம். என்னைப் பார்க்க வந்தவர் பூருலையும் பார்த்தார். ஒரு பெட்டி மாண்டரின் ஆரஞ்சை மேசையில் வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி, முறையாகத்தான் கேட்டார். நல்ல மனுஷன். ஏற்பாடு என்னுடையது, ஒளிப்பானேன்? பூருல் அங்கே போனால் எனக்கும் தலைநகரில் கால்நீட்ட ஒரு வீடு கிடைக்கும்.

இரண்டாவது ஆள் ஒமோர். தோலோன் கணவாய் உச்சியில் வானிலை நிலையத்தில் ஆறு வருஷமாகத் தனியாக இருக்கிறவர். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் கருவிகளைப் பார்த்துவிட்டு எங்களுக்குப் போன் செய்து காற்று, பனி, குளிர் எல்லாம் எண்ணாகச் சொல்லுவார். நாங்கள் எழுதி, ஒவ்வொரு எண்ணையும் திருப்பிப் படிக்க வேண்டும், அவர் "சரி" என்றால்தான் மேலே அனுப்பலாம். விதி அது. ஒரு எண் பிசகினால் பஸ் பனிச்சரிவுக்குள் போய்விடும். அவர் லைன் பூருல் பக்கத்துப் பலகையில் கடைசி விளக்கு. எண்களைச் சொல்லி முடித்ததும் ஏதாவது ஒன்றைக் கூடுதலாகச் சொல்லுவார். "இன்னிக்கு நரி வந்துது." "அடுப்புல பால் பொங்கிடுச்சு." அதற்கு மேல் பேசத் தெரியாது.

அந்த வாரம் சொன்னார், "குளிர் மைனஸ் முப்பத்தொண்ணு. புதுப் பனி பன்னெண்டு சென்டிமீட்டர். இன்னொண்ணு. என்னைக் கட்டிக்குவீங்களா?"

பூருல் பேனாவும் கையுமாக, பழக்கதோஷத்தில் திருப்பிப் படித்தாள். "குளிர் மைனஸ் முப்பத்தொண்ணு. புதுப் பனி பன்னெண்டு. என்னைக் கட்டிக்குவீங்களா."

"சரி," என்று சொல்லி வைத்துவிட்டார் மனுஷன்!

நான் நாற்காலியிலிருந்து விழாத குறையாகச் சிரித்தேன். பூருல் சிரிக்கவில்லை. காதுவரை சிவந்து, எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லவேளை, மூன்றாவது வரியை ஃபுரூன்சேக்கு அனுப்பவில்லை.

"என்னடி சொல்லப்போறே ரெண்டு பேருக்கும்?"

"படம் வரட்டும் அக்கா. இந்தத் தடவை முடிவைப் பாத்துட்டுச் சொல்றேன்."

"பைத்தியமாடி நீ? வாழ்க்கையைக் கொண்டுபோய் டி.வி. பொட்டிகிட்ட அடகு வைப்பியா?"

"பதினொரு வருஷமா அந்த நீனாவோடவே வந்துட்டேன். இன்னும் ரெண்டு வாரம்தானே?"

அவளா மசிவாள்! இரண்டு பேரிடமும் அதையே சொல்லிவிட்டாள், ஜனவரி ஒன்றாம் தேதி பதில் என்று. கெரிம்பாய் சிரித்தார். ஒமோர் "சரி" என்றார்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. முடிவு எனக்குத் தெரியுமே! நீனா பிளாட்பாரத்தில் இறங்குவாள். மாப்பிள்ளை பதினொரு மணி நேரம் கொட்டும் பனியில் நின்றிருப்பான், மீசையில் பனி உறைந்திருக்கும். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவாள். எலுமிச்சைச் செடிக்காரன் ரயிலோடு போவான். வருஷாவருஷம் பாதி ஊர் அழும், பாதி ஊர் நீனாவைத் திட்டும், எல்லாரும் அடுத்த வருஷம் மறுபடி பார்ப்பார்கள். ஆக, பூருல் மட்டும் முடிவைப் பார்த்துவிட்டால் தலைநகர் மாப்பிள்ளைக்குத்தான் ஓட்டு. கெரிம்பாய்க்குத்தான்! அவள் பார்த்தே ஆகவேண்டும். கனிந்த பழம் மடியில் விழக் காத்திருந்தது, நான் மடியைத்தான் ஏந்த வேண்டும்.

ஆறு மணியிலிருந்து ஆறேகால் வரை ஊரில் ஒருவரும் ரிசீவரைத் தொடக்கூடாது. அவ்வளவுதான் தேவை. பூருல் ஷிஃப்டில் இல்லாத நேரமெல்லாம் இணைப்புக் கேட்கிறவர்களிடம் சொன்னேன். ரொட்டிக்கடை வரிசையில் சொன்னேன். பொதுக்குளியலறையில் ஆவிக்குள் நின்று சொன்னேன். ஊர் வாய்க்கு எண்ணெய் வேண்டுமா! மூன்றே நாளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட "ஆறுலேருந்து ஆறேகால், ரகசியம்!" என்று கத்திக்கொண்டு ஓடின. போலீஸ் அதிகாரி என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"சட்டப்படி யாரையும் போன் பண்ணாதேன்னு நீ சொல்லமுடியாது, அசில்."

"தெரியும் ஐயா."

"ஆனா நானும் தொடமாட்டேன். எங்க வீட்டுக்காரியும் தொடமாட்டா. பொண்ணு பாக்கட்டும்."

நான் என் காரியத்துக்காக ஆரம்பித்தேன், ஊர் அதைத் தன் காரியமாக்கிக்கொண்டது. தபால்காரர் இருக்கிறாரே, பிளக் உருவப்பட்டவர், அவர் தெருத்தெருவாகப் போய்ச் சொன்னார்!

ஒமோரின் ஆறு மணி எண்களை மட்டும் நான் மறக்கவில்லை. அதை நானே எடுத்து எழுதிக்கொள்வதாகத் திட்டம். ஒரு நிமிஷ வேலை.

முப்பத்தொன்றாம் தேதி வந்தது. வெளியே காற்று பேயாட்டம் ஆடியது. சோவெத்பேக் டி.வி.யை ஓய்வறையிலிருந்து தூக்கிவந்து போர்டுக்கு எதிரிலேயே வைத்துவிட்டான். "என்னத்துக்கு இங்க?" என்று பூருல் கேட்டாள். "அங்க குளிருது" என்றான், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே. பொய் சொல்ல அவனுக்கு வராது.

ஐந்தரைக்கு விளக்குகள் எரியத் தொடங்கின. பூருல் பெருமூச்சு விட்டு ஹெட்போனை மாட்டினாள். இருவரும் பிளக்குகளைச் செருகி உருவி, செருகி உருவி, கை வலித்தது. "இணைப்புக் கிடைச்சுது, பேசுங்க." "ஓஷ் காத்திருக்கு, பேசுங்க." ஐந்து ஐம்பத்தைந்து. ஐந்து ஐம்பத்தெட்டு. ஒவ்வொரு விளக்காக அணைந்தது. ஆறு மணிக்கு நூறு விளக்கும் இருண்டு கிடந்தது. அத்தனை வருஷத்தில் அந்தப் பலகையை அப்படி நான் பார்த்ததில்லை.

"லைன் அறுந்துடுச்சா?" பூருல் பதறி எழுந்தாள்.

"ஒண்ணும் அறுந்துபோகல. ஊரே உனக்காகக் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. உக்காருடி. பாரு!"

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. திரையில் ரயில் ஸ்டேஷனுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. எலுமிச்சைச் செடிக்காரன் கேட்டுவிட்டான். நீனா கோட்டுப் பொத்தானைப் போட்டாள். நான் நகத்தைக் கடித்தேன், சோவெத்பேக் தொப்பியைக் கசக்கினான்.

ஆறு மணி இரண்டு நிமிஷம். நான் ஒமோரின் விளக்குக்காகப் பென்சிலோடு தயாராக இருந்தேன். எரியவில்லை. ஆறு வருஷத்தில் அந்த ஆள் ஒரு நிமிஷம் பிந்தியதில்லை. சரி, தொல்லை விட்டது என்றுகூட நினைத்தேன், அப்படிப்பட்ட பாவி நான்.

ஆறு நாலு. நீனா நடைவழியில் வருகிறாள். நான் பூருலின் முகத்தைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. கடைசி விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூருல், அங்க பாரு!"

"இன்னும் வரல அக்கா."

"வரும். நான் எடுத்துக்கறேன். நீ படத்தைப் பாரு."

"காத்தைக் கேட்டீங்களா? இங்கயே இப்படின்னா மேல எப்படி இருக்கும்? கருவி வீட்டுலேருந்து நாப்பது மீட்டர். கயித்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போகணும்னு சொல்லியிருக்காரு."

ஆறு ஏழு. அவள் அங்கே மணியடித்துப் பார்த்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். "இறங்கப்போறா, இறங்கப்போறா!" என்று சோவெத்பேக் கத்தினான். திரையில் ரயில் கதவு திறந்தது, பனி உள்ளே அடித்தது. பூருலின் உதடு வெளுத்திருந்தது. பதினொரு வருஷம் காத்திருந்த கால் இதோ படியில் நிற்கிறது, இவளோ முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு இருட்டு விளக்கைப் பார்த்து நின்றாள். எனக்கு ஆத்திரமும் பயமும் சேர்ந்து வந்தது. பயம் ஒமோருக்காக. அதை அன்றைக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

ஆறு பத்து. விளக்கு எரிந்தது!

நான் பாய்ந்தேன். "நான் எடுக்கறேன்! நீ திரும்பிப் பாரு, இப்பத்தான் கால் வைக்கறா!"

என் கையில் விழுந்தது பார், ஒரு அடி! பளீரென்று. பதினைந்து வருஷத்தில் என்னை அவள் அக்கா என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொன்னதில்லை.

"அது எனக்கு வந்தது," என்றாள். பிளக்கைச் செருகினாள்.

"நாரின். சொல்லுங்க."

போனில் மூச்சிரைப்பு எனக்கும் கேட்டது. "மன்னிச்சுக்குங்க. பத்து நிமிஷம் தாமதம். கதவு பனியில மூடிப்போச்சு, ஜன்னல் வழியாத்தான் உள்ள வந்தேன். எழுதிக்குங்க. காத்து மேற்கு, இருபத்திநாலு. பார்வை ஐம்பது மீட்டர். குளிர் மைனஸ் இருபத்தொம்போது. புதுப் பனி நாப்பத்தொண்ணு."

அவள் எழுதினாள். நாலு ஒன்பது போல விழுந்தது, அடித்துத் திருத்தினாள். ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தாள். அவர் ஒவ்வொன்றுக்கும் சரி என்றார். அவள் முதுகுக்குப் பின்னால் நீனா இறங்கி, மாப்பிள்ளையிடம் போய், உறைந்த மீசையைத் தொட்டாள். இசை எழுந்தது. சோவெத்பேக் தலையிலடித்துக்கொண்டான்.

"படம் முடிஞ்சிருக்குமே," என்றார் ஒமோர். "பாத்தீங்களா?"

"இல்ல."

"என்னாலதான்."

"ஆமா, உங்களாலதான்." பூருல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொண்ணு இருக்கு. எழுதிக்குங்க."

"சொல்லுங்க."

"கட்டிக்கறேன்."

போனில் காற்று மட்டும் கேட்டது. என் கெரிம்பாய், மூன்று அறை, வெந்நீர் எல்லாம் கண்ணெதிரே ஆவியாகப் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் அந்த ஆள் வாயைத் திறக்க வேண்டுமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"திருப்பிப் படிங்க," என்றாள் பூருல், எக்ஸ்சேஞ்ச் குரலில்.

"கட்டிக்..." அவருக்குக் குரல் உடைந்தது. "கட்டிக்கறேன்."

"சரி. ரெஜிஸ்டர் ஆபீஸ் நாலாந்தேதிதான் திறக்கும். மாத்து ஆள் வந்ததும் கீழ வாங்க. அதுவரைக்கும் கயித்தை விட்டுடாதீங்க."

வைத்துவிட்டாள். மணி ஆறேகால். நூறு விளக்கும் ஒரே மூச்சில் எரிந்தது! ஊர் முழுக்க அவள் என்ன சொல்வாள் என்று கேட்கத் துடித்துக்கொண்டிருந்தது. என்னால் அடக்க முடியவில்லை. அத்தனை நாள் ஓட்டம், அத்தனை பேரின் மௌனம், என் கையில் இன்னும் எரிச்சல்.

"அவ மாப்பிள்ளையோடதான் போனா, தெரியுமாடி?" என்று கத்தினேன். "அந்த நீனா! எலுமிச்சைச் செடிக்காரனை ரயில்லயே விட்டுட்டு, தலைநகர் மாப்பிள்ளை கையைப் புடிச்சுக்கிட்டுப் போயிட்டா! நீ மட்டும் திரும்பிப் பாத்திருந்தா..."

பிளக் அவள் விரலில் நின்றது. ஒரு நொடி யோசித்தாள். என் மேல் கோபப்படவில்லை. முகம் முழுக்கச் சிரிப்பு வந்தது, அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"அவரோடயா போனா?" என்றாள். "நல்லா இருக்கட்டும்."

பிறகு முதல் விளக்கில் பிளக்கைச் செருகினாள். "நாரின். சொல்லுங்க."